சான்றிதழில் யார் பெயர்?
நியாய வணிகச் சான்றினால் விவசாயக் குடும்பத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏற்படும் விளைவுகள்

காப்பி, தேயிலை, கோக்கோ, பருத்தி, வாழை, நறுமணப் பயிர்கள் ஆகியவற்றுக்கு ‘நியாய வணிகச் சான்று’, ‘அங்ககச் சான்று’ எனப் பலவகைச் சான்றுகள் வழங்கப்பட்டு வருகின்றன. சான்று பெற்ற பொருளுக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் சான்று பெறுவதற்காகக் கூடுதல் வேலை செய்வது யார், கூடுதல் பணம் போய்ச் சேருவது யார் கைக்கு, சங்கத்தில் ஓட்டுப் போடுவது யார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டால், பல ஊர்களில் மூன்றுக்கும் ஒரே விடை வருவதில்லை. காப்பி விளையும் நாடுகளில் ஏறத்தாழ 40 ஆண்டுகளாகக் கிடைத்துள்ள அனுபவம் இதைத் தெளிவாக்குகிறது. குழுவாகச் சேர்ந்து சான்று பெற எண்ணும் விவசாயிகள் இந்த அனுபவத்தை அறிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

சான்று பிறந்த கதை

மெக்சிகோ நாட்டின் தென்பகுதியில் வாஹாகா என்ற மலை மாநிலம் இருக்கிறது. அங்குள்ள பழங்குடிக் காப்பி விவசாயிகள் இடைத்தரகர்களின் பிடியிலிருந்து விடுபட 1980-களின் தொடக்கத்தில் ‘உசிரி’ என்ற சங்கத்தை அமைத்தனர். அவர்களுடன் வாழ்ந்த டச்சுப் பாதிரியார் பிரான்ஸ் வான் டெர் ஹோஃப் என்பவரும், நெதர்லாந்தில் பணிபுரிந்த நிக்கோ ரோசன் என்பவரும் சேர்ந்து 1988-இல் ‘மாக்ஸ் ஹாவேலார்’ என்ற முத்திரையைத் தொடங்கினர். இந்த முத்திரை உள்ள காப்பியை வாங்குபவர் விவசாயிக்கு நியாய விலை கொடுத்திருக்கிறார் என்பது பொருள். பல நாடுகளில் தோன்றிய இத்தகைய முத்திரை அமைப்புகள் 1997-இல் ஒரே சர்வதேச அமைப்பின் கீழ் வந்தன. ‘ஃபேர்டிரேடு’ என்று இன்று வழங்கும் சான்று இதுவே.

முத்திரை தொடங்கிய மறு ஆண்டே, அதாவது 1989-இல், காப்பி ஏற்றுமதிக்கு நாடுகளிடையே இருந்த பங்கீட்டு ஒப்பந்தம் முறிந்தது. விலை சரிந்தது. 2001-இல் அராபிகா காப்பியின் விலை பவுண்டுக்கு 50 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே போயிற்று. ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம். அக்காலத்தில் இச்சான்றின் குறைந்தபட்ச விலை பல குடும்பங்கள் தோட்டத்தைக் கைவிடாமல் காத்தது.

விலை கணக்கிடும் முறை

இச்சான்றில் இரண்டு அம்சங்கள் முக்கியம். முதலாவது, குறைந்தபட்ச விலை. கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு 2023 ஆகஸ்டு முதல் இது பவுண்டுக்கு 1.80 டாலர் என உயர்த்தப்பட்டது. அங்ககக் காப்பியானால் இதற்கு மேல் 40 சென்ட். சந்தை விலை இதைவிட உயர்ந்தால் சந்தை விலையே கொடுக்கப்படும். இரண்டாவது, ‘பிரீமியம்’ என்னும் சமூகக் கூடுதல் தொகை, பவுண்டுக்கு 20 சென்ட். இதில் குறைந்தது 5 சென்ட்டைத் தரம், மகசூல் ஆகியவற்றின் மேம்பாட்டுக்குச் செலவிட வேண்டும். மீதியை என்ன செய்வது என்று உறுப்பினர்கள் பொதுக்குழுவில் ஓட்டெடுத்து முடிவு செய்வார்கள்.

மேற்படி விலை துறைமுகத்தில் சங்கத்துக்குக் கிடைக்கும் விலையாகும். பதப்படுத்துதல், போக்குவரத்து, சங்க நிர்வாகம் ஆகிய செலவுகள் போக எஞ்சியதே விவசாயியின் கைக்கு வரும். மேலும், சான்று பெற்ற சங்கங்கள் பலவும் தம் விளைச்சலில் ஒரு பகுதியை மட்டுமே சான்று விலைக்கு விற்க முடிகிறது. ‘ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ்’ போன்ற வேறு சான்றுகளில் இப்படிக் குறைந்தபட்ச விலையே கிடையாது. எந்தச் சான்று என்பதைக் கேட்டறிந்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு: ஒரு சங்கத்தில் 400 உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் 250 கிலோ காப்பிக்கொட்டை தருகிறார்கள். மொத்தம் 100 டன், அதாவது சுமார் 2,20,000 பவுண்டு. முழுவதும் சான்று விலைக்கு விற்றால் கூடுதல் தொகை 44,000 டாலர். பாதி மட்டும் விற்றால் 22,000 டாலர். உறுப்பினர்களில் ஆண்கள் 340 பேர், பெண்கள் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். கிணறு வெட்டுவதா, சாலை போடுவதா, பணமாகப் பிரித்துக்கொள்வதா என்ற ஓட்டெடுப்பு எப்படி முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை யாருடையது?

சர்வதேசக் காப்பி அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, காப்பி உற்பத்தி வேலையில் 70 சதவீதம் வரை பெண்கள் செய்கிறார்கள். இந்த அளவு நாட்டுக்கு நாடு மாறுபடும். ஆனால் பெண்கள் நடத்தும் காப்பித் தோட்டங்கள் 20 முதல் 30 சதவீதம் வரைதான். நாற்றங்கால், களையெடுப்பு, பழம் பறிப்பு, தரம் பிரிப்பு, உலர்த்துதல் ஆகியவை பெரும்பாலும் பெண்களின் வேலைகள். கவாத்து, மருந்து தெளிப்பு, எடை போட்டு விற்பது, பணம் வாங்குவது ஆகியவை பெரும்பாலும் ஆண்களின் வேலைகள்.

அங்ககச் சான்று சேரும்போது களைக்கொல்லி நின்று கைக்களை வருகிறது. இரசாயன உரம் நின்று மக்குரம் தயாரித்துச் சுமக்கும் வேலை வருகிறது. பழுத்த பழத்தை மட்டும் பொறுக்கிப் பறிப்பதால் ஒரே செடிக்குப் பலமுறை போக வேண்டியிருக்கிறது. பதிவேடு எழுதும் வேலையும் புதிது. இவற்றில் பெரும்பகுதி பெண்களின் தலையில் விழுகிறது. மேலும், காப்பி, மிளகு போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு மாறுதல் காலம் 3 ஆண்டுகள். கூடுதல் வேலை முதல் நாளே தொடங்கிவிடும். அங்ககப் பொருளுக்கான கூடுதல் விலை 3 ஆண்டு கழித்துத்தான் வரும். இடைக்காலத்துச் சுமையைக் குடும்பத்தில் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

உறுப்பினர் பட்டியல்தான் திறவுகோல்

சங்கத்தின் விதிப்படி உறுப்பினருக்கே ஓட்டு. உறுப்பினரின் கணக்கில்தான் பணம். பயிற்சிக்கு அழைப்பும் உறுப்பினருக்கே. பெரும்பாலான இடங்களில் நிலமோ, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மரங்களோ தம் பெயரில் இருப்பவரே உறுப்பினராகலாம். ஆதலால் நிலம் கணவர் பெயரில் இருந்தால், அதிக வேலை செய்யும் மனைவி பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆண், பெண் பேதம் கூடாது என்று சான்று விதிகள் எழுத்தில் சொல்லியிருந்தும் நடைமுறையில் பேதம் நீடிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இது பெண்களுக்கு மட்டும் நேரும் நஷ்டம் அல்ல. பயிற்சிக்குக் கணவர் போய்வருகிறார். களத்தில் உலர்த்துபவர் மனைவி. கொட்டையின் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைக்க வேண்டும், மண் தரையில் பரப்பக்கூடாது, மழைக்கு மூட வேண்டும் என்பவை அவர் காதுக்கு எட்டாவிட்டால் பூஞ்சணம் பிடித்து ‘ஓக்ராடாக்சின்’ என்னும் நஞ்சு உண்டாகும். குழுச் சான்றில் ஓர் உறுப்பினரின் தவறு எல்லாருடைய சான்றையும் ஆபத்துக்குள்ளாக்கலாம். வேலை செய்பவருக்கு விதி தெரியாமல் இருப்பது முழுக் குழுவுக்கும் கேடு.

மெக்சிகோவும் குவாத்தமாலாவும்

இவ்விரு நாடுகளில் நியாய வணிகச் சான்றும் அங்ககச் சான்றும் சேர்ந்து பெற்ற காப்பிச் சங்கங்களைப் பற்றி சாரா லையான் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆண்கள் பலர் வேலை தேடி அமெரிக்காவுக்குப் போய்விட்ட காலம் அது. ஊரில் இல்லாதவர் பெயரை வைத்துக்கொண்டு சங்கத்துக்கும் ஆய்வுக்கும் பதில் சொல்ல முடியாது. ஆகவே தோட்டத்தை நேரில் நடத்தும் பெண்கள் தம் பெயரிலேயே பதிவு பெறத் தொடங்கினர். இதனால் தோட்டம் பற்றிய முடிவுகள், ரொக்கப் பணம், பொதுக்கூட்டத்தில் பேசும் வாய்ப்பு ஆகியவை அவர்களுக்குக் கிடைத்தன.

அதே ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது. சமையல், குழந்தை, தண்ணீர், விறகு ஆகிய வீட்டு வேலைகள் குறையாமல், தோட்ட வேலையும் சங்க வேலையும் மேலே ஏறின. நேரமின்மையே பெண்கள் சங்கப் பதவிகளுக்கு வராமல் போவதற்குப் பெரிய தடை. எனவே பெயர் பதிவு செய்வது அவசியம், அதுமட்டும் போதாது.

உகாண்டாவில் கண்டது

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உகாண்டாவின் சிறு காப்பி விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. சான்று பெறாத குடும்பங்களில் சொத்து பெரும்பாலும் கணவர் ஒருவர் பெயரில் இருந்தது. சான்று பெற்ற குடும்பங்களில் பெரும்பகுதிச் சொத்து கணவன், மனைவி இருவருக்கும் பொதுவாக இருந்தது. விரிவாக்கப் பயிற்சி ஆண், பெண் இருபாலாருக்கும் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் பெண்களுக்குக் கடன் வசதி கிடைப்பதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை.

இந்தச் சங்கங்களில் ஆண், பெண் சமத்துவம் பற்றிய பயிற்சி சான்றுத் திட்டத்தோடு சேர்ந்தே நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முத்திரையோடு இத்தகைய பயிற்சியும் சேர்ந்தால்தான் குடும்பத்துக்குள் மாற்றத்தை எதிர்பார்க்கலாம்.

கென்யாவின் காப்பிச் செடிகள்

கென்யாவின் மேற்குப் பகுதியில் கெரிச்சோ மாவட்டத்துச் சங்கங்களில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. நிலத்தைப் பெயர் மாற்றுவது என்றால் குடும்பங்களில் தயக்கம் ஏற்படும். எனவே நிலத்துக்குப் பதிலாகக் காப்பிச் செடிகளில் ஒரு பகுதியை மனைவி பெயருக்கு எழுதிக் கொடுக்கும்படி கணவர்களிடம் எடுத்துரைத்தனர். நூற்றுக்கணக்கான பெண்கள் இப்படிச் செடிக்கு உரியவர்களானார்கள். தம் பெயரில் பழம் கொடுத்து, தம் பெயரில் பணம் வாங்கினார்கள். தனிப் பெண்கள் சங்கமும் அமைந்தது. பெரு நாட்டின் வடபகுதியில் 2000-களின் தொடக்கத்தில் சில நூறு பெண்கள் தம் காப்பியைத் தனியாகப் பிரித்து, ‘கஃபே ஃபெமினினோ’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினர். வாங்குபவர்கள் இதற்குச் சிறிது கூடுதல் விலை கொடுத்தனர்.

கானா நாட்டில் 1993-இல் தொடங்கிய ‘குவாபா கோக்கோ’ என்ற கோக்கோ விவசாயிகள் சங்கத்தில், கிராமக் குழுக்களில் பெண்களுக்கு இடம் ஒதுக்கும் விதி வைத்தார்கள். கூடுதல் தொகையிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் அமைத்தார்கள். தண்ணீருக்காக நடக்கும் நேரம் மிச்சமாயிற்று. வீணாகும் கோக்கோ காய்த்தோலின் சாம்பலிலிருந்து சோப்புத் தயாரிக்கும் தொழிலையும் பெண்கள் குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

பட்டியலில் இல்லாத கூலியாட்கள்

சிறு விவசாயியும் பறிப்புக் காலத்தில் கூலிக்கு ஆள் வைக்கிறார். வருபவர்களில் நிலமற்ற பெண்களே அதிகம். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ‘சோயாஸ்’ கல்லூரி எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் நான்காண்டு ஆய்வு செய்து 2014-இல் அறிக்கை வெளியிட்டது. சான்று பெற்ற சங்கங்கள் உள்ள இடங்களில் கூலியாட்களின் ஊதியம், அத்தகைய சங்கம் இல்லாத ஒத்த இடங்களைவிட உயர்வாக இல்லை, பல இடங்களில் குறைவாகவே இருந்தது என்பது அதன் முடிவு. ஒப்பிட்ட முறை சரியல்ல என்று சான்று அமைப்பினர் மறுப்புத் தெரிவித்தனர். எப்படியாயினும், சிறு விவசாயிகளுக்கான சான்று விதிகள் உறுப்பினரை மையமாக வைத்து எழுதப்பட்டவை. சில வாரம் வந்து போகும் கூலிப் பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இராது. விளைபொருளை ‘நியாயமானது’ என்று விற்கும் நாம், நம்மிடம் வேலை செய்பவருக்கும் நியாயம் செய்ய வேண்டும்.

நமது குழுக்கள் செய்ய வேண்டியவை

நம் நாட்டில் தேசிய அங்கக உற்பத்தித் திட்ட விதிப்படி 25 முதல் 500 விவசாயிகள் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து சான்று பெறலாம். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இதற்கு உதவுகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் நடத்தும் பண்ணைகள் சுமார் 14 சதவீதமே. ஆகவே பட்டாவை மட்டும் பார்த்து உறுப்பினர் பட்டியல் தயாரித்தால் பெண்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போவார்கள். கீழ்க்கண்டவற்றைத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும்.

1. வேலைக் கணக்கு: சான்றுக்கு விண்ணப்பிக்கும் முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, நிலம் தயாரிப்பிலிருந்து மூட்டை கட்டுவது வரை எந்த வேலையை யார், எத்தனை மணி நேரம் செய்கிறார்கள் என்று எழுத வேண்டும். சான்று வந்தபின் கூடும் வேலைகளைத் தனியாகக் குறிக்க வேண்டும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் பார்க்கும் இலாபம் உண்மையான இலாபம் ஆகாது.

2. இரு பெயர் பதிவு: கணவன், மனைவி இருவர் பெயரையும் குழு ஏட்டில் எழுத வேண்டும். பட்டா ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், குத்தகை ஒப்பந்தம் அல்லது சம்மதக் கடிதம் ஏற்கப்படுமா என்று சான்று நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறவும். புதிதாக நிலம் வாங்குவோர் கவனிக்க: 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பைத் தமிழக அரசு 1-4-2025 முதல் வழங்கியுள்ளது.

3. வாரிசு: உறுப்பினர் இறந்தால் உறுப்புரிமை மனைவிக்குத் தடையின்றி மாறும் என்ற விதியைத் துணைவிதிகளில் சேர்க்க வேண்டும். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கு 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும், 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தமும் பங்கு அளித்துள்ளன என்பதையும் மறக்கலாகாது.

4. பயிற்சி: எந்த வேலையை யார் செய்கிறாரோ அவரே அந்த வேலைக்கான பயிற்சிக்கு வர வேண்டும். உலர்த்துதல், தரம் பிரித்தல் பற்றிய பயிற்சியை ஊரிலேயே, பெண்களுக்கு வசதியான வேளையில் வைக்க வேண்டும்.

5. உள் ஆய்வாளர்: குழுவின் உள் ஆய்வாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். களத்தில் நடக்கும் உண்மை நிலையைப் பெண்கள் அவரிடம் தயங்காமல் சொல்வார்கள்.

6. பணம்: விற்பனைத் தொகையை இருவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்லலாம். விற்ற அளவு, விலை, பிடித்தம், கூடுதல் தொகை ஆகிய நான்கையும் குழு அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

7. கூடுதல் தொகை: அத்தகைய தொகை வந்தால், உடல் உழைப்பைக் குறைக்கும் காரியங்களுக்கு முதலிடம் தர வேண்டும். கைக்களைக் கருவி, சிமெண்டு உலர்களம், தார்ப்பாய், குடிநீர், பறிப்புக் காலத்துக்குக் குழந்தைகள் காப்பகம் ஆகியவை உடனே பயன் தருபவை.

8. கூலியாட்கள்: சம வேலைக்குச் சமக்கூலி என்பது 1976 முதல் நம் நாட்டில் சட்டம். கூலி விகிதத்தைப் பறிப்புக்கு முன்பே குழுக் கூட்டத்தில் பேசி எழுதி வைக்க வேண்டும். குடிநீர், நிழல், கழிப்பிடம் ஆகியவை அவசியம்.

சான்றுக்குச் செலவு உண்டு. ஆண்டுதோறும் ஆய்வும் உண்டு. விலை வித்தியாசம் குறைவாகவும் வேலை அதிகமாகவும் இருந்தால், சான்று வேண்டாம் என்று முடிவு செய்வதிலும் தவறில்லை. அந்த முடிவைத் தோட்டத்தில் உழைக்கும் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டும். விண்ணப்பப் படிவம் வீட்டுக்கு வரும்போது விவசாயப் பெருமக்கள் அதைத் தனியே நிரப்ப வேண்டாம். வீட்டுப் பெண்களையும் அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விதியையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, இருவருக்கும் சம்மதமானால் மட்டும் கையெழுத்திடுங்கள்.